வழியனுப்பு மாலை

ஒரு விடுகதை போடுகிறேன், அவிழ்த்துப் பாருங்கள். ஒரே ஒரு தடவைதான் சிரிக்கும், ஆனால் அந்தச் சிரிப்பு நிற்கவே நிற்காது. தூங்கினாலும் சிரிக்கும், அழுதாலும் சிரிக்கும். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாது, ஆனால் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்து சாட்சி சொல்லும். அது என்ன? அவசரமில்லை, யோசியுங்கள். இந்த விடுகதையில் முக்கால்வாசி ஹெப்சி போட்டது. ஹெப்சிக்கு ஒன்பது வயது. கடைசி வரியை மட்டும், அந்தச் சாட்சி சொல்கிற வரியை, அவளுடைய அம்மா சுகிர்தா சேர்த்தாள். வாயால் சேர்க்கவில்லை, மனதுக்குள் சேர்த்தாள். இருவரும் தொழிலாளர் அலுவலகத்து நடையில் ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"தெரியலன்னா தோத்துட்டேன்னு சொல்லும்மா" என்று ஹெப்சி காலாட்டினாள். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அவள் ஆட ஆட அதுவும் ஆடியது. இரு, யோசிக்கிறேன் என்றாள் சுகிர்தா. அவள் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. கூப்பிடுவதற்குள் இந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு விஷயம். அம்மா வேலையை விடவில்லை, அம்மாவை வெளியே துரத்திவிட்டார்கள். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும், ஒரு தும்மல் போடுகிற நேரம். காலையில் பஸ்ஸில் சொல்லலாம் என்றிருந்தாள். பஸ்ஸில் டிரைவர் பாட்டை அலறவிட்டிருந்தான், அந்த இரைச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டும், கத்திச் சொல்கிற சங்கதியா இது. இறங்கி டீக்கடையில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். டீக்கடையில் ஹெப்சி பன்னைப் பாலில் முக்கித் தின்றுகொண்டிருந்தாள், தின்கிற பிள்ளையிடம் வேண்டாம், தின்று முடிக்கட்டும். பிறகு ரோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது, லாரியாக வந்தது. பிறகு படி. படி ஏறும்போது மூச்சு வாங்கியது, அதனால் முடியவில்லை. இப்போது பெஞ்ச், பெஞ்சில் பக்கத்தில் சீருடைச் சட்டை போட்ட ஒரு வாட்ச்மேன், அவருக்கும் ஏதோ வழக்கு இருக்கும், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் காதை மூடவில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அந்நிய ஆள் கேட்க, பெற்ற பிள்ளையிடம், உன் அம்மாவைத் துரத்திவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே அதையேதான் சொல்லப்போகிறாள், மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு அதிகாரி, எதிரில் கம்பெனிக்காரன், எல்லோரும் கேட்க, உரக்க. அங்கே சொல்ல முடியும், இங்கே முடியவில்லை. அங்கே சொல்வது வழக்கு. இங்கே சொல்வது, இவளிடம் இத்தனை நாள் பொய் சொன்னேன் என்று சொல்வது. உள்ளே யாரோ ஸ்டேப்ளரை அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் சுகிர்தா நிமிர்ந்து கதவைப் பார்த்தாள்.

ஸ்டேப்ளர் சத்தம் அல்ல, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வேறொரு சத்தம் எப்போதும் அவள் காதில் இருக்கிறது, பெல்ட் ஓடுகிற சத்தம். பாலாற்றங்கரையில் ஒரு ஷூ கம்பெனி, அதில் நாலாவது லைன். ஷூவின் மேல்பாகத்துத் தோலை ஒட்டித் தைப்பது அங்கே வேலை, தைத்ததைப் பெல்ட் இழுத்துக்கொண்டு போகும். ஒட்டுகிற பசைக்கு சொல்யூஷன் என்று பெயர். அது விரலில் காய்ந்து மெல்லிய தோலாக நிற்கும், வீட்டுக்கு வந்ததும் ஹெப்சி ஓடிவந்து, நான் உரிக்கிறேன் நான் உரிக்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொள்வாள், கிழியாமல் ஒரே உரியாக உரித்துவிட்டால் அவள் ஜெயித்தாள். உரித்த தோலில் அம்மாவின் ரேகை அப்படியே இருக்கும். அதைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வாள். இப்போது விரல் சுத்தமாக இருக்கிறது. உரிக்க ஒன்றுமில்லை. இவ்வளவு சுத்தமான விரல் அசிங்கமாக இருக்கிறது. அன்றைக்கும் சொல்யூஷன் நெடிதான். ஜன்னல் பக்கத்து ஃபேன் நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது, எதிர் டேபிளில் தில்ஷாத் இரண்டு தடவை தலையைப் பிடித்துக்கொண்டாள், மூன்றாம் தடவை அப்படியே மேசைமேல் கவிழ்ந்தாள். கவிழ்ந்தவளின் துப்பட்டா நழுவி பெல்ட்டின் ஓரத்தில் சிக்கிக்கொண்டு, யாரோ பொறுமையாகச் சுருட்டுவதுபோல உள்ளே போக ஆரம்பித்தது. கழுத்தோடு. சுகிர்தா ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை அமுக்கினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அந்தப் பட்டனைச் சூப்பர்வைசர் மட்டும்தான் அமுக்கலாம். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருந்தான். பெல்ட் நின்றதும் ஒரு அமைதி வந்தது, எட்டு வருஷத்தில் அவள் கேட்டிராத அமைதி, பெண்கள் எல்லோரும் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்தார்கள். அந்த அமைதியைத்தான் கம்பெனி மன்னிக்கவில்லை என்று அவளுக்குப் பிறகு தோன்றியது. சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், டேபிளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாளைலேர்ந்து நீ வர வேணாமாம். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க." இன்னா குத்தம்னு எழுதித் தாங்க என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரிங்க என்றாள். ஏன் சரிங்க என்றாள்? எட்டு வருஷம் எதற்கெடுத்தாலும் சரிங்க என்று சொல்லிய வாய், அதுவாகச் சொல்லிவிட்டது.

"அம்மா, ஒரு க்ளூ தரட்டா?" வேண்டாம்டி, நானே கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடித்துவிட்டாள், கேட்டவுடனே கண்டுபிடித்துவிட்டாள். சொன்னால் ஆட்டம் முடிந்துவிடும். ஆட்டம் முடிந்தால், சரி ஹெப்சி, இங்க பாரு என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அதனால் கண்டுபிடிக்காதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இந்தப் பிள்ளைக்கு விடுகதையும் மனப்பாடமும் இரண்டும் வரும். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் மனப்பாட வசனப் போட்டி வைப்பார்கள், வருஷா வருஷம் பிளாஸ்டிக் டம்ளர் இவளுக்குத்தான், ஒரு எழுத்து விடமாட்டாள், கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை உத்தரத்தில் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் சொல்லி முடித்து ஆமென் என்பாள். அந்த மாதிரிதான் இதையும் சொல்லிக்கொடுத்தாள் சுகிர்தா. யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும்? "எங்க அம்மாவே வேலைய விட்டுட்டாங்க. பெரிய கம்பெனிக்குப் போகப்போறாங்க." எங்க, இன்னொரு வாட்டி சொல்லு. இன்னொரு வாட்டி சொன்னாள். ஆமென் மட்டும்தான் இல்லை. வேறென்ன செய்வது. ஹெப்சி வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் அதே கம்பெனி. துரத்திவிட்டார்கள் என்றால் என்ன திருடினாய் என்றுதான் கேட்பார்கள். வீட்டுக்காரம்மா அடுத்த மாதமே வேறு ஆளைப் பார்ப்பாள். ஓசூர்ப் பக்கம் லாரி ஓட்டப் போய் அங்கேயே ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்ட புருஷனுக்குச் செய்தி போனால், நான்தான் சொன்னேனே, அவகிட்ட எவன் காலம் தள்ளுவான் என்று சிரிப்பான். ஆகவே பெரிய கம்பெனி. எந்தக் கம்பெனி என்று ஹெப்சி கேட்டபோது, இன்னும் கட்டிக்கினு இருக்காங்க என்று சொன்னாள். அதையும் பிள்ளை நம்பியது. நம்பியதா? நம்பாமலா மற்ற பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருக்கிறது, வெளியாளுக்கு அது புரியாது. லைனை விட்டு ஒரு பெண் போனால் சும்மா போகக்கூடாது. கல்யாணமாகிப் போகிறவள், பிள்ளை பெறப் போகிறவள், பெங்களூருக்குக் குடிபோகிறவள், யாராக இருந்தாலும் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து கேட்டுக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் நிறுத்தி, ஒரு மாலை, ஒரு கேக், ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு போட்டோ. துரத்தப்பட்டவளுக்கு அதுவரை யாரும் செய்ததில்லை. செய்யலாமா கூடாதா என்று யோசிக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சுகிர்தாவுக்காக வாய் திறக்க ஒருத்திக்கும் தைரியமில்லை, வாய் திறக்காமல் சும்மா இருக்கவும் மனசு வரவில்லை, தெரிந்த மரியாதை ஒன்றே ஒன்று இருந்தது, அதைச் செய்தார்கள். தில்ஷாத்தான் போன் பண்ணினாள். "அக்கா, சனிக்கெழம கேட்டாண்ட வந்துடு. உன்ன சும்மா அனுப்ப மாட்டோம், அது நடக்காது. பாப்பாவையும் இட்டுக்கினு வா." அவள் போனாள். ஏன் போனாள் என்று எத்தனை தடவை தன்னையே கேட்டாயிற்று. கூப்பிட்டார்கள், போனாள். சம்பங்கி மாலை. கனமாக இருந்தது, தண்ணீர் தெளித்திருந்தார்கள், கழுத்துக்குள் சில்லென்று இறங்கியது. பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேக்கை ஊட்டினார்கள். அப்போதுதான் ஆபீஸ் பக்கமிருந்து ஹெச்.ஆர். சுரேந்தர் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, வாயில் ஏலக்காய். என்ன விசேஷம், எனக்குச் சொல்லவே இல்லையே என்று சிரித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான், தன் போனை செக்யூரிட்டியிடம் கொடுத்து எடுக்கச் சொன்னான். "சிரிங்க சுகிர்தா. எட்டு வருஷம் எங்ககூட இருந்துட்டு அழுத மூஞ்சியோட போனா எங்களுக்கு நல்லாவா இருக்கும்?" அவள் சிரிக்கவில்லை. அப்போது ஹெப்சி, கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். "அம்மா, இன்னாத்துக்கு மாலை?" அம்மா பெரிய கம்பெனிக்குப் போறேன் இல்ல, அதுக்கு. சொல்லிவிட்டு, பிள்ளை நம்ப வேண்டுமே என்று, பல் தெரியச் சிரித்தாள். செக்யூரிட்டி அமுக்கினான், தில்ஷாத்தும் தன் போனில் அமுக்கினாள். அந்தச் சிரிப்பு யாருக்கானது என்று போட்டோவில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து குளிக்கிற அறையில் கதவைச் சாத்தி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பக்கெட் நிறைந்து வழிந்து கால் மேல் ஓட, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதாள். அதற்குச் சாட்சி குழாய். குழாயை எந்த அதிகாரி முன்னால் கொண்டு நிறுத்துவது. கடிகாரத்தை மறுநாள் ஹெப்சியே ஆணி அடித்து மாட்டினாள். அடியில், அன்புடன் நாலாவது லைன் என்று தங்க எழுத்து. டிக் டிக்கென்று அது ஓடும்போதெல்லாம் பெல்ட் ஓடுவது மாதிரி இருந்ததால் சுகிர்தா பேட்டரியைக் கழற்றி அரிசி டப்பா மேல் வைப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஹெப்சி திரும்பப் போடுவாள். யார் கழற்றினார்கள் என்று அவள் கேட்டதில்லை. யார் போட்டார்கள் என்று இவளும் கேட்டதில்லை.

அவள் வழக்கைப் பார்க்கிற வரதன் இன்னும் வரவில்லை. உள்ளே நம்ம கட்டு எப்போ வரும்னு பார்த்துட்டு வர்றேன் என்று போனவர். பழைய யூனியன்காரர், மெல்லிய மனுஷர், தோளில் ரெக்ஸின் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவரிடம் போய் நின்ற முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "மாலைய ஏம்மா வாங்குன?" நான் எங்க வாங்கினேன் சார், அவங்கதான் போட்டாங்க. "சார் இல்ல, தோழர். போட்டா கழட்டியிருக்கலாம் இல்ல?" கழட்டி எங்க வைக்கிறது தோழர், தரையிலயா? "கல்யாண மாலையோட போட்டோவுல சிரிச்சவ, எனக்கு இஷ்டமே இல்லன்னு அப்பறம் சொன்னா எவன் நம்புவான்?" என் கல்யாணப் போட்டோவுலயும் சிரிச்சுக்கினுதான் இருக்கேன் என்று சுகிர்தா சொல்ல, அவர் பேனாவை மூடிவிட்டு அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு பொறுமையாகத்தான் விளக்கினார், சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற மாதிரி. "எட்டு வருஷம் வேலை பாத்தவள ஒரே வார்த்தையில போன்னு சொல்ல முடியாது. நீ குத்தம் செஞ்சிருந்தா, இன்னா குத்தம்னு எழுதிக் கொடுக்கணும், நீ பதில் சொல்லணும், விசாரணை வெக்கணும். குத்தம் இல்ல, ஆள்தான் வேணாம்னா முன்கூட்டியே சொல்லணும், நஷ்டஈடு கொடுக்கணும். இதுல எதையும் அவன் செய்யல. செய்யாதவன் இன்னா சொல்லுவான்? ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவான். நாங்க எங்க அனுப்பினோம், அவளேதான் போனா. அப்படிச் சொல்ல அவனுக்கு ஒரு அத்தாட்சி வேணும். அத நீயே மாலை போட்டுக்கினு போய்க் கொடுத்துட்ட." மூடின பேனாவை மறுபடி திறந்து, "மறுநாள் காலைல கேட்டுல போய் நின்னியா, வேலை கொடுங்கன்னு?" இல்ல. "ஏன்?" மாலை போட்டாச்சே தோழர். வழியனுப்பி வெச்சவங்க மூஞ்சியில மறுநாள் எப்படி முழிக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், துடைத்த பிறகும் துடைத்தார்.

மூன்று கதவு இருக்கிறது என்றார் வரதன். அந்த மூன்று கதவையும் சுகிர்தா ராத்திரி பகல் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "மொதக் கதவு, இந்த ஆபீஸ். உதவி ஆணையர் ரெண்டு பேரையும் எதிரெதிர்ல உக்கார வெச்சுப் பேசுவாங்க. கம்பெனி ஒத்துக்கினா மறுநாளே டேபிள்ல போய் உக்காரலாம். ரெண்டாவது கதவு, இங்க ஒத்துவரலன்னா லேபர் கோர்ட்டு. அங்க ஜெயிச்சா வேலையும் வரும், வெளிய உக்காந்திருந்த நாளுக்குச் சம்பளமும் வரும். எப்ப வரும்னு மட்டும் என்னைக் கேக்காத. மூணாவது கதவு, நானாவே போயிட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு அவன் தர்றத வாங்கிக்கிறது. அது எப்பவும் தொறந்தேதான் இருக்கும், அதுக்குத் தாழ்ப்பாளே கெடையாது." சுகிர்தாவுக்கு முதல் கதவு வேண்டும். அதைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கோர்ட்டு நடக்கிற காலம் வரை எதைத் தின்பது, ஹெப்சியை எதை வைத்துப் படிக்கவைப்பது. நாலாவது லைனில் அவள் டேபிள், ஜன்னலோரம், நின்றுபோன அந்த ஃபேனுக்குக் கீழே, அங்கே போய் உட்கார வேண்டும், துரத்தினவனே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். இன்றைக்குத்தான் கடைசிப் பேச்சு. போன தடவையே அந்த அம்மா, உதவி ஆணையர், கொஞ்சம் இளகியிருந்தார்களாம், எழுதிக் கொடுக்காமல் எப்படி நிறுத்தினீர்கள் என்று சுரேந்தரைப் பார்த்துக் கேட்டார்களாம். அதனால்தான் வரதன் சொன்னார். "பாப்பாவ இட்டுக்கினு வா. அந்த அம்மா கொழந்தைங்கன்னா பேச்சுக் கொடுக்கும். ஒண்ணும் சொல்லிக்கொடுக்காத. நடந்தத நடந்த மாதிரி பாப்பா சொன்னா போதும்." ஒண்ணும் சொல்லிக்கொடுக்காத. சொல்லிக்கொடுத்தாகிவிட்டது தோழர், மனப்பாடம் ஆகிவிட்டது, ஒரு எழுத்து விடமாட்டாள். இதை அவரிடமும் சொல்லவில்லை. யாரிடம்தான் எதைச் சொன்னாள். பட்டனை அமுக்கத் தெரிந்த கைக்கு அவளுடைய சொந்த வாயில் ஒரு பட்டன் இருக்கிற இடம் தெரியவில்லை.

தில்ஷாத் வந்திருந்தால் இந்தப் பிள்ளை எதற்கு. தில்ஷாத்துக்கு எல்லாம் தெரியும், துப்பட்டா அவளுடையது, கழுத்து அவளுடையது. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அவள் வாசலிலேயே நின்று, உள்ளே வா என்று சொல்லவும் முடியாமல், அழுதாள். "அக்கா, என் உசிரு நீ கொடுத்தது. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா வேலை அவங்க கொடுத்தது அக்கா." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கடிகாரம் நல்லா ஓடுதா?" என்றாள். நல்லா ஓடுது, நீ அதையாவது சாட்சி சொல்ல அனுப்பேன் என்றாள் சுகிர்தா. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அவள்மேல் கோபமா? கோபம்தான். ஆனால் துரத்தினவன்மேல் வருவதைவிட மாலை போட்டவர்கள்மேல் ஏன் அதிகமாக வருகிறது. வெறுங்கழுத்தோடு, கல்லால் அடிக்காத குறையாகத் துரத்தியிருந்தால் இன்று அந்தக் கழுத்தே சாட்சி சொல்லியிருக்கும். இத்தனை பேர் அன்பு சேர்ந்து அவள் கழுத்தில் விழுந்துவிட்டது. அந்த அன்பை எடுத்து மேசைமேல் போட்டு, பாருங்கள் மேடம், எவ்வளவு சந்தோஷமாகப் போனாள் என்று சுரேந்தர் சொல்கிறான். சொல்யூஷன் மாதிரிதான் அதுவும், ஒட்டினால் ஒட்டினதுதான், ஆனால் அதை ஒரே உரியாக உரித்தெடுக்க ஹெப்சியாலும் முடியாது.

"போட்டோ" என்றாள் சுகிர்தா திடீரென்று. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. ஹெப்சி கைதட்டினாள். வாட்ச்மேன் கண்ணைத் திறந்து, அட, நானும் அதைத்தான் நினைச்சேன் என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். ஆக அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "தூங்கினாலும் சிரிக்கும், சரி" என்றாள் சுகிர்தா, "அழுதாலும் சிரிக்கும்னு ஏண்டி போட்ட? போட்டோவுல எங்க அழுவாங்க?" ஹெப்சி பெஞ்சை ஆட்டுவதை நிறுத்தினாள். "நீ குளிக்கிற ரூம்லேர்ந்து வந்து, தில்ஷாத்தக்கா அனுப்பின போட்டோவ போன்ல பாத்துக்கினே இருந்தியே, அன்னிக்குப் போட்டேன். போன்ல நீ சிரிச்சிக்கினு இருந்த. வெளில கண்ணு செவப்பா இருந்துச்சு." பிறகு, பெரிய மனுஷி மாதிரி, "குழாயத் தொறந்தா இன்னும் நல்லா கேக்கும்மா. தண்ணி நின்னு நின்னு வருது இல்ல, அப்பல்லாம் கேக்கும்." நடையில் யாரோ கட்டுகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. இதுதான் நேரம். வெளியிலிருந்து பிள்ளையே கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளேயிருந்து தாழ்ப்பாளை எடுத்தால் போதும். ஹெப்சி, அப்படின்னா உனக்குத் தெரியுமா? இதைக் கேட்டால் போதும். தெரியும் என்று சொன்னால்? எத்தனை நாளாகத் தெரியும். வகுப்பில் பெரிய கம்பெனி பெரிய கம்பெனி என்று சொல்லிவிட்டு வந்து, பேட்டரியைத் திரும்பப் போட்டுவிட்டு, இங்கே உட்கார்ந்து விடுகதை போடுகிறதே, தெரிந்துகொண்டேவா? பிள்ளை தன் மானத்துக்காகச் சொல்கிறது என்று இவள் நினைத்தாள், தன் அம்மாவின் மானத்துக்காகச் சொன்னதா. இவள் பிள்ளையைக் காப்பாற்றுகிறாள், பிள்ளை இவளைக் காப்பாற்றுகிறது, இரண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, நனைந்த துணியைப் பிழிகிற மாதிரி முறுக்குகிறார்கள். ஹெப்சி, இங்க பாரு என்று ஆரம்பித்தாள். பிள்ளை பார்த்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் கை ரிப்பனுக்குப் போனது. "தலை கலைஞ்சிருக்கு, வா, பின்னிவிடறேன்" என்றாள். ரிப்பனை அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தாள். பின்னி முடித்துச் சொல்லிவிடலாம். முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்போது சொல்வது சுலபம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பின்னல் முடிந்தது. இரண்டாவது பாதியில் இருந்தபோது வரதன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "வாம்மா, கூப்பிடறாங்க. பாப்பாவும் வரட்டும்."

அறை சின்னது. ஃபேன் ஓடியது, அதுவே பெரிய மாறுதலாக இருந்தது. மேசைக்குப் பின்னால் உதவி ஆணையர், காட்டன் புடவை, நெற்றியில் களைப்பு. சுரேந்தர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான், எழுந்து அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான், அந்த மரியாதைதான் அவளுக்குப் பயம். வரதன் பேசினார், நல்லாத்தான் பேசினார், குத்தப் பத்திரிகை எங்கே, விசாரணை எங்கே, முன்னறிவிப்பு எங்கே. சுரேந்தர் ஒவ்வொன்றுக்கும் பணிவாகத் தலையாட்டினான், இல்லை மேடம், கொடுக்கவில்லை மேடம், போகிறேன் என்று சொன்னவருக்கு எதற்கு மேடம் குற்றப் பத்திரிகை. பிறகு அந்தப் போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தான். பெரிசாகப் போட்டு, பளபளவென்று. சுகிர்தா அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாலைக்கு மேலே அந்தப் பல் வரிசை. அவளுக்கே அந்தப் பெண்ணை நம்பத் தோன்றியது, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள். உதவி ஆணையர் போட்டோவை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு ஹெப்சியைப் பார்த்தார்கள். "இது நீதானே? கடிகாரத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கறது?" ஆமாம் மேடம். "பேரு என்ன?" ஹெப்சிபா. "நல்ல பேரு. பயப்படாத, சும்மாதான் கேக்கறேன். அம்மா ஏன் வேலையை விட்டு நின்னுட்டாங்க, உனக்குத் தெரியுமா?" மேடம், நான் என்று சுகிர்தா வாயெடுத்தாள். பாப்பா சொல்லட்டும் மேடம், பரவாயில்லை என்றான் சுரேந்தர். சொல்லட்டும் என்றார் வரதனும், நம்பிக்கையோடு. ஒரு பக்கம் பின்னியும் ஒரு பக்கம் பின்னாமலும் நின்ற ஹெப்சி திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சுகிர்தாவுக்கு அந்த முகத்துக்குக் காட்ட ஒரே ஒரு முகம்தான் பழக்கம். வேண்டாம், இப்போது வேண்டாம் என்று உள்ளே கத்திக்கொண்டிருக்கும்போதே உதடு விலகியது, பல் தெரிந்தது.

ஹெப்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை உத்தரத்தில் வைத்துக்கொண்டு, அம்மாவே வேலையை விட்டுவிட்டார்கள் என்றும் பெரிய கம்பெனிக்குப் போகப்போகிறார்கள் என்றும் சொன்னாள்.